பழனி பாதயாத்திரை: "முருகன் பார்த்துப்பான்" என்று எதை விடலாம், எதை விடக்கூடாது?

கேள்வி: குன்றக்குடி_கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கப் போகிறோம். 42 பேர். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகச் சுமார் 160 கி.மீ. ஆறு நாள் திட்டம். சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி கூடவே வரும்.

ஏற்பாட்டுப் பொறுப்பு என் தலையில். எதைக் கேட்டாலும் குழுவில் வருகிற பதில் "முருகன் பார்த்துப்பான்" என்பதுதான். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் மூன்று விஷயம் உறுத்துகிறது.

1. வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் கிளம்பி விடிய விடிய நடப்பது வழக்கம். கையில் டார்ச் தவிர வேறு எதுவும் கிடையாது.

2. பெரியப்பாவுக்கு 63 வயது, நீண்ட நாள் சர்க்கரை நோய். மாலை போட்டாயிற்று, செருப்புப் போட மாட்டேன் என்கிறார். விரத காலத்தில் மாத்திரையும் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

3. நத்தத்தில் ஒரு நாள் எங்கள் குழு சார்பில் 300 பேருக்கு அன்னதானம்.

நடைமுறையில் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நம்பிக்கையைக் கேலி செய்கிற பதில் வேண்டாம்.

---

பதில்: நெடுஞ்சாலை_நடராஜன்

தம்பி, முதல் கேள்வியிலேயே பாதி ஆபத்து இருக்கிறது. அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. 160-ஐ ஆறால் வகுத்தால் ஒரு நாளைக்கு 27 கி.மீ. குழுவாக நடக்கும்போது மணிக்கு 4 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறேமுக்கால் மணி நேர நடை. காலை 5.30-க்குக் கிளம்பினால் 10 மணிக்குள் 18 கி.மீ. முடிந்துவிடும். பிற்பகல் 3.45-க்கு மறுபடி கிளம்பினால் மீதி 9 கி.மீ. ஆறு மணி வாக்கில் முடியும். தை மாதம் இருட்ட ஆறரை ஆகிவிடும். ஆக இந்தத் தூரத்துக்கு நள்ளிரவு நடையே தேவையில்லை. நான்கு நாளில் முடிக்க நினைக்கும் குழுக்கள்தான் இரவில் நடந்தாக வேண்டியிருக்கிறது. இரவு 2 முதல் 5 வரை லாரி, வேன் ஓட்டுநர்களுக்குக் கண் செருகும் நேரம். அந்த நேரத்தில் தை மாதப் பனியும் இறங்கியிருக்கும். விபத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

விடியலுக்கு முன் ஒரு மணி நேரமாவது இருட்டில் நடக்க வேண்டிவரும். அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். ஓட்டுநர் பார்த்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை நொடி, அதாவது 25 மீட்டர். பிறகு வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. முகப்பு விளக்கின் தாழ்வெளிச்சத்தில் கரும்பச்சை வேட்டி கட்டியவர் கண்ணில் படுவதோ 30 மீட்டர் அளவில்தான். பாரம் ஏற்றிய லாரியாக இருந்தால் நிற்கும் தூரம் இன்னும் கூடும். உங்கள் டார்ச் உங்களுக்கு வழி காட்டும். பின்னாலிருந்து வருபவருக்கு உங்களைக் காட்டாது.

ஒளி பிரதிபலிக்கும் பட்டை 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே மின்னும். தையல் கடையில் 2 அங்குல அகலப் பட்டை மீட்டர் கணக்கில் வாங்கித் தோள்பைக்கும் துண்டுக்கும் தைத்துவிடலாம். முதுகில் மட்டும் ஒட்டினால் போதாது. இடுப்பைச் சுற்றி ஒன்று, இரண்டு கணுக்காலிலும் ஒன்று. நடக்கும்போது கணுக்கால் பட்டை மேலும் கீழும் ஆடும். அந்த அசைவைப் பார்த்துத்தான் "ஆள் நடக்கிறான்" என்று ஓட்டுநருக்கு உடனே பிடிபடும். காவடி தூக்குபவர் இருந்தால் காவடியின் இரு முனையிலும் ஒட்டுங்கள். அகலம் அங்கேதான் இருக்கிறது.

சாலையின் வலது ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசை. இடது ஓரம் நடந்தால் உங்களை இடிக்கப் போகிற வண்டி முதுகுப்பக்கம் வருகிறது; விலக வழியே இல்லை. திண்டுக்கல்லுக்கு அப்பால் யாத்ரீகர்களுக்கென்று நடைபாதை போட்டிருக்கும் இடங்களில் அதை விட்டு இறங்காதீர்கள்.

42 பேரை ஒரே கூட்டமாக விடாமல் பத்துப் பத்துப் பேராகப் பிரியுங்கள். முன்னால் போகிறவர் கையில் தரையைப் பார்த்த வெள்ளை விளக்கு. கடைசியில் வருபவர் முதுகில் சைக்கிளுக்குப் போடும் சிவப்பு மினுக்கு விளக்கு. கடைசி ஆள் அந்தக் குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முந்தக்கூடாது. இது கண்டிப்பான விதியாக இருக்கட்டும்.

குட்டியானையைக் குழுவுக்குப் பின்னால் ஊர்ந்து வரச் சொல்லுவார்கள். வேண்டாம். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலையில் நகரும் வண்டியைப் பின்னால் வருபவர் ஓடும் வண்டி என்றே நினைத்து மோதுகிறார். அது அப்படியே முன்னால் நடப்பவர்கள் மேல் போய் விழுகிறது. வண்டி 3 கி.மீ. முன்னே போய், தாரை விட்டு முழுதாக இறங்கி நிற்கட்டும். நீங்கள் வந்து சேர்ந்ததும் அடுத்த 3 கி.மீ.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அதிகாலைக் குளிரில் தார் ஓரம் வெதுவெதுப்பாக இருக்கும். களைத்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து காலை நீட்டிவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரைவிடப் பாதி உயரம். விளக்கு வெளிச்சத்தில் ஒரு மூட்டை மாதிரிதான் தெரிவார். ஓய்வு என்றால் சாலையை விட்டு இறங்கி, வண்டி நிற்கும் இடத்தில் மட்டும்.

பாட்டுப் பெட்டி வைத்தால் ஒலியைக் குறைத்து வையுங்கள், ஹார்ன் காதில் விழ வேண்டும். அரோகரா சொல்லிக்கொண்டு போவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. கண் அயராமல் இருக்க அது நல்லதுதான்.

---

பதில்: மருந்தாளுநர்_மீனாட்சி

கார்த்தி, பெரியப்பா விஷயத்தில் மாத்திரையும் காலும் தனித்தனி. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் அவர் இரண்டையும் மறுத்துவிடுவார்.

மாத்திரையை அவராகக் குறைப்பது தவறு. அதே சமயம், அன்றாடம் வீட்டில் சாப்பிடும் அளவையே நடைப்பயணத்திலும் அப்படியே சாப்பிடுவதும் எல்லோருக்கும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு 27 கி.மீ. நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு என்றால் இன்னும் குறையும். எது ஆபத்து என்பது எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது:

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்கிளசைடு: சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். அன்னதானம் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று தெரியாத பயணத்தில் அதிகக் கவனம் இவற்றுக்குத்தான்.

டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்: சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை, கூடவே நீரும் போகும். வியர்வையும் பட்டினியும் சேர்ந்தால் உடல் வறண்டு, ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. அப்போது சர்க்கரை அளவு ரொம்ப ஏறாமலேயே வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வரலாம்.

மெட்ஃபார்மின்: தனியாக எடுத்தால் சர்க்கரையைத் தாழ்த்திவிடுவது அரிது.

இன்சுலின் போடுபவர் என்றால் தொடையில் வேண்டாம், வயிற்றில். நடக்கும் காலில் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். மருந்தை 30 டிகிரிக்கு மேல் விடக்கூடாது. குட்டியானையின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் ஒரு மதியத்தில் கெட்டுவிடும். ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானைக்குள் வைத்து நிழலில் வையுங்கள்.

அவரை இரண்டு வாரம் முன்பே அவருடைய மருத்துவரிடம் கூட்டிப்போய், "தினம் 27 கி.மீ., ஆறு நாள், சாப்பாடு இந்த நேரம், விரதம் இப்படி" என்று எழுதிக் காட்டுங்கள். அளவை எந்த வேளையில் எவ்வளவு மாற்றுவது என்று அவர் எழுதித் தரட்டும். "பாதயாத்திரை போகலாமா?" என்று மட்டும் கேட்டால் போகலாம், போகக்கூடாது என்ற ஒற்றை வார்த்தைதான் கிடைக்கும்; அது உங்களுக்கு உதவாது.

குளுக்கோமீட்டர் கட்டாயம். கிளம்பும் முன், பத்து மணி ஓய்வில், பிற்பகல் கிளம்பும் முன், படுக்கும் முன். 70-க்குக் கீழே போனால், அல்லது கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, சம்பந்தமில்லாத கோபம், தடுமாற்றம் தெரிந்தால், உடனே 15 கிராம் சர்க்கரை: மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ சாதமோ சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. அந்தக் குழுவில் கூட நடக்கும் ஒருவரிடமாவது இது முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை குறைந்தவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்.

அடுத்து கால். நீண்ட நாள் சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை ஐந்து நிமிடத்தில் முடியும், வலிக்காது. தொடுவது தெரியவில்லை என்றால் வெறுங்கால் நடை அவருக்குக் கூடாது. இதில் பாதி வழி, கால் வழி என்ற பேரமெல்லாம் கிடையாது. மதிய வெயிலில் தார் காற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகச் சூடாகும். 50 டிகிரியைத் தொட்டால் சில நிமிடத்தில் தோல் வெந்துவிடும். உணர்ச்சி உள்ளவர் துள்ளி விலகுவார். அது இல்லாதவர் நிதானமாக நடந்துகொண்டே போவார். மாலையில்தான் கொப்புளம் கண்ணில் படும், கவனிக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும். விரலை எடுப்பதில் போய் முடிவது இப்படித்தான்.

பெரியப்பாவுக்கு மட்டும் இல்லாமல் குழு முழுக்கச் சொல்ல வேண்டியது இன்னொன்று. கால் வலிக்கு டைக்ளோபினாக் மாத்திரையைக் கடையில் வாங்கி ஆளாளுக்கு விநியோகிப்பார்கள். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் மாதிரி மருந்தும் கூட நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர், உடலில் நீர் வறண்ட நிலையில் இதையும் போட்டால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். அதோடு நிறுத்துங்கள்.

தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் சரியில்லை. வியர்வையில் உப்பு போகிறது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரிய பொட்டலத்துக்குச் சரியாக ஒரு லிட்டர்) முழுப் பொட்டலமும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்குவது பலர் செய்யும் தவறு, உப்பு மிகுந்து வாந்திதான் வரும். பொட்டலம் இல்லையென்றால் லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

---

குன்றக்குடி_கார்த்தி

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நேரக் கணக்கை இன்றே குழுவில் போட்டுவிட்டேன், பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். மீனாட்சி அக்கா, மருத்துவரிடம் கூட்டிப் போகிறேன். செருப்பு விஷயம்தான் சிக்கல். "நேர்ந்துக்கிட்டது நேர்ந்துக்கிட்டதுதான், செருப்புப் போட்டா அது யாத்திரையே இல்ல" என்கிறார். நான் சொன்னால் "நீ சின்னப் பையன்" என்று முடித்துவிடுகிறார்.

---

பதில்: காவடிச்சிந்து_வள்ளி

தம்பி, பெரியப்பாவிடம் மருத்துவம் பேசாதே. நேர்த்திக்கடன் பேசு.

அவர் நேர்ந்துகொண்டது என்ன என்று முதலில் கேள். நிறையப் பேர் நேர்வது "நடந்து வந்து உன்னைப் பார்க்கிறேன்" என்பது. வெறுங்கால் என்பது பழக்கத்தில் கூட ஒட்டிக்கொண்டது. நேர்ந்தது நடையென்றால் செருப்புப் போட்டும் அது நிறைவேறும். வெறுங்கால் என்றே சொல்லி நேர்ந்திருந்தால், எங்கிருந்து வெறுங்காலில் என்று கேள். அடிவாரத்தில் கிரிவலப் பாதையைச் சுற்றி, யானைப் பாதை வழியாக மலையேறுவதை மட்டும் வெறுங்காலில், வெயில் ஏறும் முன் செய்யலாம். ஆனால் மேலே சொன்ன இழைச் சோதனையில் உணர்ச்சி இல்லை என்று தெரிந்தால் அதுவும் வேண்டாம். மலைமேல் கோயிலுக்குள் மட்டும். மேலே போக விஞ்ச் என்கிற இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன.

இதைச் சொல்ல வேண்டியவர் நீ இல்லை, மாலை போட்டுவிட்ட குருசாமி. அவரைத் தனியாகப் பார்த்து, எல்லார் முன்னாலும் அவர் வாயால் சொல்ல வை: "சர்க்கரை உள்ளவங்க செருப்புப் போட்டு நடங்க, நேர்த்தியில குறை இல்ல." பெரியப்பாவைத் தனியாகக் குறிப்பிட்டால் அவருக்கு அவமானம், பிடிவாதம்தான் கூடும். குழுவுக்கே பொதுவான விதியாக வந்துவிட்டால் அவரும் போட்டுக்கொள்வார். குருசாமி மறுத்தால், நோயாளியை நடக்க வைத்து என்ன ஆனாலும் பொறுப்பு அவருடையது என்பதைப் பணிவாக, ஆனால் நேராகச் சொல். மாலை போட்டுவிடுபவருக்கு அந்தக் கடமை உண்டு. கூட்டி வந்தவர்களைத் திரும்ப வீட்டில் சேர்ப்பதும் அதில் அடக்கம்.

நகரத்தார் காவடியைப் பார். குன்றக்குடியில் ஒன்றுகூடிக் கிளம்பிப் பழனி வரை நடந்து, தரிசனம் முடிந்து நடந்தே ஊர் திரும்புகிறார்கள். எந்த ஊரில் இரவு தங்குவது, எங்கே சாப்பாடு என்பதெல்லாம் தலைமுறையாக வகுத்து வைத்த ஒழுங்கு. அவர்களுக்கு முருகன்மேல் நம்பிக்கை குறைவென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏற்பாடு செய்வதும் அந்த வழிபாட்டோடு சேர்ந்ததுதான் அங்கே.

விரத நாட்களையும் வீணாக்காதே. 48 நாள் மாலை என்றால் நடையைப் பழக்க அதுவே தாராளம். தினமும் காலையில் பக்கத்து முருகன் கோயிலுக்கு நடக்கச் சொல். முதல் வாரம் 3 கி.மீ., வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசியில் ஒரு ஞாயிறு 18 கி.மீ. ஒரே மூச்சில். புதுச் செருப்பும் புதுக் காலணியும் அப்போதே கடித்துவிட்டுப் பழகிவிடும். பயண நாளன்று புதிது போட்டால் இரண்டாம் நாள் கொப்புளம் நிச்சயம். 18 கி.மீ. முடியாதவர்கள் திண்டுக்கல்லிலோ ஒட்டன்சத்திரத்திலோ சேர்ந்துகொள்ளட்டும். ஒட்டன்சத்திரத்திலிருந்து சுமார் 30 கி.மீ., இரண்டு நாளில் நிதானமாக நடக்கலாம். அதுவும் பாதயாத்திரைதான்.

---

பதில்: பந்தி_பாண்டியன்

அன்னதானம் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

300 பேருக்குக் கலந்த சாதம் என்றால் ஆளுக்கு 100 கிராம் அரிசிக் கணக்கில் 30 கிலோ. கொஞ்சம் கூடுதலாக 33 வாங்குங்கள். புளியோதரையைத் தேர்ந்தெடுங்கள். கிலோ அரிசிக்குப் புளி 100 கிராம், நல்லெண்ணெய் 125 மி.லி. அளவில் புளிக்காய்ச்சலை முதல் நாளே காய்ச்சி வைக்கலாம். புளியின் அமிலம் கிருமி வளர்வதைத் தடுக்கும். தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசால், தேங்காய் சாதம் வேண்டவே வேண்டாம், மதியத்துக்குள் நூல் விட்டுவிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பொட்டலம் கட்டும் விதத்தால். ஆவி பறக்கும் சாதத்தை அப்படியே பொட்டலம் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கினால் உள்ளே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். சோறு வெந்தாலும் சாகாத கிருமி வித்து அந்தச் சூட்டில்தான் முளைத்து நஞ்சு சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் இரண்டில் ஒன்று: 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்து நேராகப் பரிமாறுங்கள். அல்லது அகலத் தாம்பாளங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி முழுக்க அடங்கிய பிறகு கட்டுங்கள். எப்படியானாலும் வடித்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். மிஞ்சினால் அடுத்த ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வயிற்றுப்போக்கு உள்ளவர், கையில் புண் உள்ளவர் சமையலில் கை வைக்கக்கூடாது. எவ்வளவு பெரிய தொண்டராக இருந்தாலும் வேறு வேலை கொடுங்கள். குழாய் வைத்த டிரம், சோப்பு இரண்டும் பந்திக்கு முன்னால் இருக்கட்டும். குடிநீர் ஆளுக்கு அரை லிட்டர், 20 லிட்டர் கேன் எட்டு.

இடம்: யாத்ரீகர்கள் நடக்கும் பக்கமே, சாலையிலிருந்து பத்து மீட்டராவது உள்ளே. எதிர்ப்பக்கம் பந்தல் போட்டால் ஒவ்வொருவரும் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து வருவார்கள். நடந்து போகிறவர் கையில் பொட்டலத்தைத் திணிப்பதும் வேண்டாம். சாப்பிட்ட இடத்திலேயே இலை விழ வேண்டும். மந்தாரை இலை, பாக்கு மட்டைத் தட்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை; பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய சோற்றுக்காக ஆடும் மாடும் தாளையே தின்கின்றன. இருபது அடிக்கு ஒரு சாக்கு கட்டி, கடைசி ஆள் போனபின் சுற்றுவட்டாரத்தைப் பெருக்கி முடிக்க நான்கு பேரை இப்போதே பெயர் சொல்லி நியமியுங்கள். அவர்கள் அன்று பரிமாற வேண்டாம்.

---

பதில்: நெடுஞ்சாலை_நடராஜன்

ஒன்று விட்டுப்போயிற்று: திரும்பி வருவது. ஆறு நாளும் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். தரிசனம் முடிந்த இரவு, "விடியறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்" என்று குட்டியானையின் பின்னால் இருபது பேர் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் கூடாது. பக்கவாட்டில் தடுப்பும் இல்லை, திருப்பத்தில் ஒரு சாய்வு போதும்.

அந்த ஓட்டுநரும் ஆறு நாளாகச் சரியாகத் தூங்காதவர். அவரைத் தரிசனத்துக்கு முதல் ஆளாக அனுப்பிவிட்டு, ஏழு மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள். பகலில் வெறும் சாமானோடு அவர் வரட்டும். ஆட்களுக்குப் பழனியிலிருந்து பூசச் சிறப்புப் பேருந்துகள் இருக்கும். கூட்டம் தாங்காது என்று தோன்றினால் இப்போதே ஒரு வேன் பேசி, ஓட்டுநர் அன்று காலை காரைக்குடியிலிருந்து தூங்கி எழுந்து வருபவராக இருக்கவேண்டும் என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள்.